ஊதாங்குழல் பழகிய வாய்

போன ஆவணியில் டாக்டர் என் மூச்சிரைப்பு மருந்தை மாற்றினார். மூன்று வருடமாகக் கைப்பையிலேயே கிடந்த பம்ப் போய், அந்த இடத்தில் இரண்டு டப்பி கேப்ஸ்யூலும் ஒரு பிளாஸ்டிக் குழலும் வந்தன. விழுங்குகிற கேப்ஸ்யூல் இல்லை. குழலுக்குள் போட்டுத் திருகினால் அது இரண்டாகப் பிரிந்து பொடி கொட்டும். அந்தப் பொடியை வாயால் உள்ளே இழுக்க வேண்டும். ரோட்டாஹேலர் என்று பெயர். மருந்துக்கடைத் தம்பி கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "போடுங்க, திருகுங்க, இழுங்க. அவ்வளவுதாம்மா" என்றார். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி 8.30 மணிக்கு முதல் கேப்ஸ்யூலைப் போட்டேன். அடுத்த நிமிஷம் தொடங்கிய இருமல், என் வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கிற வரைக்கும் நிற்கவில்லை.

அந்த இருமலைச் சொல்ல வேண்டும். சளி இருமல் எனக்குப் பழக்கம். விடியற்காலையில் எழுந்ததும் நெஞ்சுக்குள் கரகரவென்று ஒன்று புரளும், நாலு தரம் இருமினால் கோழை வரும், அப்புறம் கொஞ்ச நேரம் நிம்மதி. இது அப்படி இல்லை. தொண்டைக் குழிக்குக் கொஞ்சம் கீழே, விரல் எட்டாத இடத்தில் யாரோ கோலமாவைத் தூவிவிட்ட மாதிரி இருந்தது. இருமினால் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் குடித்தால் அரை நிமிஷம் அடங்கும். மறுபடி கமறும். கண்ணில் நீர் கட்டி, விலா வலித்து, கடைசியில் சேலையையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆம், இருமும்போது சிறுநீர் கசிகிறது. என் வயதுப் பெண்கள் நிறையப் பேருக்கு இது இருக்கிறது. மகளிடம்கூடச் சொல்வதில்லை. டாக்டரிடம் சொல்லலாம், இடுப்படித் தசைகளுக்கான பயிற்சி இருக்கிறது என்று எனக்கே போன வருடம்தான் தெரிந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 62 வயது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடக் கையால் தொட்டதில்லை. எனக்கு இருப்பது சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பெயரைச் சொன்னதும் எல்லாரும் முதலில் கேட்பது, "உங்க வீட்டுக்காரர் சிகரெட் குடிப்பாரா?" என்றுதான். அவரும் குடிப்பதில்லை.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆண்டாள் கோயிலுக்கு அடுத்து எல்லாருக்கும் நினைவு வருவது பால்கோவா. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பர் செய்தியை வெட்டி வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே மூன்று அடுப்பு எரிந்தது. அப்பா கடைகளுக்குக் கிண்டிப் போட்டார். புளியமர விறகு, அதோடு முந்திரிக் கொட்டையின் மேல்தோடு. அந்தத் தோட்டில் எண்ணெய் இருக்கிறது, கையில் பட்டால் தோல் வெந்துபோகும் எண்ணெய். நெருப்பு சீராக நின்று எரியும். ஆனால் புகை கண்ணையும் மூக்கையும் ஒருசேர அறுக்கும். பால் பொங்கி, சுண்டி, சர்க்கரை போட்டுத் திரண்டு வருகிற வரைக்கும் துடுப்பைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் அடிப்பிடிக்கும். அண்ணன் கிண்டுவான், நான் அடுப்பைப் பார்த்துக்கொள்வேன். பன்னிரண்டு வயதிலிருந்து கல்யாணம் ஆகிற வரைக்கும் பள்ளிக்கூடம், கல்லூரி நேரம் போக மீதி நேரமெல்லாம் என் கையில் ஊதாங்குழல்தான்.

நெருப்பு அணையப் பார்த்தால் குழலை வாயில் வைத்து ஊத வேண்டும். கன்னம் உப்ப ஒரே மூச்சில் ஊதினால் தணலில் நாக்கு எழும்பும். மூச்சு தீர்ந்ததும் அந்த இடத்திலேயே அடுத்த மூச்சை இழுப்போம். முகம் அடுப்பு வாயிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. இழுப்பதெல்லாம் புகை. அது புகை என்று அப்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அடுப்படியில் இருப்பது காற்று, அவ்வளவுதான். கல்யாணமாகிப் போன ஊரிலும் விறகடுப்புதான். கேஸ் அடுப்பு வந்தது 1996-இல்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒன்றை நான் அடிக்கடி சொல்வதுண்டு. பணக்கார நாடுகளில் இந்த நோய் வருகிறவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் புகையிலை காரணம். நம்மைப் போன்ற நாடுகளில் 30 முதல் 40 பேருக்குத்தான் அது காரணம். மீதிப் பேரில் நிறையப் பேரைப் பிடித்தது அடுப்புப் புகையும் வேலையிடத் தூசியும்தான். 2021-இல் மட்டும் உலகம் முழுக்க 35 லட்சம் பேர் இந்த நோயால் செத்திருக்கிறார்கள். அதில் அடுப்படியில் நின்ற பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. "அவளுக்கு எப்பவும் இழுப்பு" என்று சொல்லியே நம் பாட்டிகளை அனுப்பி வைத்துவிட்டோம்.

எனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். வகுப்பில் செய்யுள் படிக்கும்போது நடுவில் மூச்சு வாங்கியது. வயதாகிறது என்று நினைத்தேன். மாடிப்படி ஏறினால் நின்று நின்று ஏறினேன். எடை என்று நினைத்தேன். 2020-இல் கொரோனா வந்த பிறகுதான் இருமலே பெரிய பிரச்சனையானது. பஸ்ஸில் நான் ஒரு தரம் இருமினால் பக்கத்து சீட் காலியாகும். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து இருமப் போய், எதிரே இருந்த பெண் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். அவள் மேல் கோபமில்லை. ஆனால் அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை. டிபி இல்லை என்று வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்புறம்தான் ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் பரிசோதனை. மூக்கில் ஒரு கிளிப் மாட்டிவிட்டு, வாயில் ஒரு குழலைக் கொடுத்து, "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று பக்கத்தில் நின்று கத்துவார்கள். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது, மொத்தம் எவ்வளவு வருகிறது என்று மெஷின் அளக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அதன் பிறகும் முதல் நொடிக் காற்று மொத்தத்தில் 0.70 பங்குக்குக் கீழே இருந்தால் அடைப்பு நிரந்தரமாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு 0.58 வந்தது. ஆஸ்துமாவில் மருந்து கொடுத்தால் குழாய் பெரும்பாலும் நன்றாகத் திறந்துகொள்ளும். இதில் அவ்வளவு திறக்காது. சேதமானது சேதமானதுதான். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்போது கொடுத்ததுதான் பம்ப். வீட்டில் எல்லாருக்கும் அதைக் கண்டு பயம். "பம்ப் வச்சா அவ்வளவுதான், காலம் பூரா விட முடியாது" என்றார் நாத்தனார். மாத்திரை கேட்டு வாங்கலாமே என்றார் எதிர்வீட்டு அக்கா. இந்தப் பேச்சால் எத்தனை பேர் மருந்தை மறைத்துப் போடுகிறார்கள், பாதியில் நிறுத்துகிறார்கள்! விழுங்குகிற மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கடைசியில் நுரையீரலுக்கு வர வேண்டும். இழுக்கிற மருந்து நேராகப் போய் இறங்குகிறது. அதனால் மைக்ரோகிராம் கணக்கில் கொஞ்சூண்டு போதும். விட முடியாமல் போவதற்குக் காரணம் நோய் விடாததுதான். கண்ணாடி போட்டவரைப் பார்த்துக் கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லையே.

சரி, புதுக் குழலுக்கு வருகிறேன்.

முதல் வாரம் முழுக்க அதே கதைதான். இழுத்தால் இருமல், இழுத்தால் இருமல். இரண்டாவது வாரம் ராத்திரி வேளையை விட்டுவிட்டேன். தூங்க வேண்டுமே. மூன்றாவது வாரம் காலையிலும் சில நாள் விட்டேன். மூச்சிரைப்பு கூடியது. குளித்துவிட்டுத் தலை துவட்டக் கையைத் தூக்கினால் இளைத்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, பழைய பம்ப்பையே வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மகன்தான், "மறுபடி ஒரு தரம் காட்டிட்டு முடிவு பண்ணும்மா" என்று இழுத்துக்கொண்டு போனான்.

அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால், ஊதும் பரிசோதனை செய்கிற பையன் ஒருவன் என்னைக் கூப்பிட்டான். இருபத்தைந்து வயது இருக்கும். "அம்மா, நீங்க வீட்ல எப்படிப் போடுறீங்களோ அப்படியே ஒரு தரம் போட்டுக் காட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான். மூன்று வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மருந்து எழுதிக் கொடுத்தார்கள், அளவு சொன்னார்கள், எத்தனை வேளை என்று சொன்னார்கள். நான் இழுப்பதை ஒருவரும் பார்த்ததில்லை.

போட்டுக் காட்டினேன். கேப்ஸ்யூலைச் செருகினேன். திருகினேன். குழலை வாயில் வைத்தேன். அவன் கையை நீட்டி நிறுத்தினான்.

"இப்ப என்ன பண்ணுனீங்க?"

"இன்னும் ஒண்ணும் பண்ணலையே தம்பி."

"இல்லம்மா. வாயில வச்சதும் ஊதுனீங்க."

நம்பவில்லை. மறுபடி செய்யச் சொன்னான். இந்த முறை நானே கவனித்தேன். குழல் உதட்டில் பட்டதும் கன்னம் உப்புகிறது. யாரும் சொல்லாமல், நான் நினைக்காமல், பொசுக்கென்று ஒரு மூச்சு குழலுக்குள் போகிறது. அதற்கப்புறம்தான் இழுக்கிறேன். ஐம்பது வருடத்துக்கு முன்னால் அடுப்படியில் பழகிய வாய். குழல் என்றால் ஊதுவதற்கு என்று அதற்குத் தெரியும், வேறொன்றும் தெரியாது.

கையில் வாங்கித் திறந்து காட்டினான். உள்ளே சுவரெல்லாம் பொடி அப்பியிருந்தது. வாய்க் காற்றில் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் பட்டதும் பொடி கட்டிக்கொள்கிறது. கட்டியாகிப்போன பொடி நுரையீரல் வரைக்கும் போகாது. நான் இழுக்கும்போது அப்படியே வந்து தொண்டையில் விழும். கோலமாவு என்று நான் சொன்னது அதைத்தான்.

இரண்டாவது தப்பையும் அவன்தான் கண்டுபிடித்தான். நான் மெதுவாக இழுத்தேன். பம்ப்புக்கு அப்படித்தான் இழுக்க வேண்டும். பம்ப்பில் மருந்து தானாகவே வேகமாகப் பீய்ச்சியடிக்கும். நாமும் வேகமாக இழுத்தால் எல்லாம் தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். அதனால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அமுக்குகிற அதே நேரத்தில் நிதானமாக நாலைந்து நொடி இழுக்க வேண்டும். பொடிக்கு நேர் எதிர். இதில் பீய்ச்சியடிக்க ஒன்றுமில்லை. மருந்தைக் கிளப்புவது நம்முடைய மூச்சுதான். மருந்துத் துகள் ஐந்து மைக்ரான் அளவுக்கும் கீழே இருந்தால்தான் நுரையீரலின் சின்னக் குழாய்கள் வரைக்கும் போகும். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பொடிசான மருந்து தனியாக நிற்காது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் அதைவிடப் பெரிய பால் சர்க்கரைத் துகள்மேல் அதை ஏற்றி வைத்திருக்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே வெடுக்கென்று, பலமாக, ஆழமாக இழுத்தால் மருந்து சர்க்கரையை விட்டுப் பிரிந்து உள்ளே போகும், சர்க்கரை தொண்டையோடு நின்றுவிடும். மெதுவாக இழுத்தால் பிரியாது. இரண்டும் சேர்ந்து தொண்டையில் இறங்கும்.

பால் சர்க்கரை என்று அவன் சொன்னதும் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. நாக்கில் லேசாகத் தித்தித்ததன் காரணம் அதுதான். பால் அடுப்பின் புகையில் கெட்ட நெஞ்சுக்குப் பாலின் சர்க்கரையே மருந்தைச் சுமந்து போகிறது. இதை அவனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப அதை நல்லா உள்ள அனுப்புங்கம்மா" என்றான்.

அரை மணி நேரம் என்னோடு நின்றான். வெறும் குழலை வைத்துப் பழக்கினான். முதலில் தலையை வேறு பக்கம் திருப்பி மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், குழல் இன்னும் கையிலேயே இருக்க வேண்டும். அப்புறம் உதட்டால் இறுகப் பற்றி, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, ஒரே இழுப்பு. குழலை எடுத்துவிட்டுப் பத்து எண்ணுகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துவைக்க வேண்டும். கேப்ஸ்யூலில் பொடி மிச்சமிருந்தால் இன்னொரு இழுப்பு. "தலையைத் திருப்பிட்டு ஊதுங்க" என்பதை மட்டும் ஆறு தரம் சொல்லியிருப்பான். மருந்து இருந்தபடிதான் இருந்தது. அளவும் மாறவில்லை. ஆனால் அன்று ராத்திரி நான் இரண்டே தரம்தான் இருமினேன்.

இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்தைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால், நீங்கள் இழுப்பதை யாராவது ஒருவர் கண்ணால் பார்க்கட்டும். டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர், சரியாகப் போடத் தெரிந்தவர் யாராயிருந்தாலும் சரி. "எப்படிப் போடணும்?" என்று கேட்டால் வாயால் சொல்லிவிடுவார்கள். "நான் போடுறதைப் பாருங்க" என்று கேளுங்கள். அதே இடத்தில் காத்திருந்த ஒரு பெரியவர், கேப்ஸ்யூலைப் பத்து நாளாகத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தாராம். கேப்ஸ்யூல் என்றால் விழுங்குவதுதானே, அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அப்படியும் பழக ஒன்றரை மாதம் ஆனது. கை உடனே கற்றுக்கொண்டது, வாய் கற்றுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் ஜன்னல் பக்கம் திரும்பி மூச்சை விடுவேன், குழலை வாயில் வைப்பேன், கன்னம் உப்பப் பார்க்கும். நிறுத்துவேன். குழலை எடுத்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்புவேன். இப்படி மூன்று நான்கு தரம். சரியாக இழுத்தால் உள்ளே கேப்ஸ்யூல் கிறுகிறுவென்று ஆடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. அவசரத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் நீலப் பம்ப் மட்டும் இன்னும் பையில் இருக்கிறது. அதற்கு மெதுவான மூச்சு, இதற்கு வேகமான மூச்சு. இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஐப்பசி மழையில் இன்னொரு பாடம். கேப்ஸ்யூல் டப்பியைச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். குக்கர் ஆவியும் மழை ஈரமும் சேர்ந்து கேப்ஸ்யூல் நமுத்துப்போனது. திருகினால் பிரியாமல் நசுங்கியது. இப்போது படுக்கையறையில் பீரோவுக்குள் இருக்கிறது. குழலைக் கழுவினால் ஒரு பொட்டு ஈரமில்லாமல் காய்ந்த பிறகுதான் அடுத்த கேப்ஸ்யூல். போட்டு முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்புகிறேன். காலை, ராத்திரி இரண்டு வேளையும் போடுகிற கேப்ஸ்யூலில் ஸ்டீராய்டு இருக்கிறது, வாயில் தங்கினால் நாக்கில் வெள்ளையாகப் படரும், குரலும் கம்மும். குரலை வைத்துப் பிழைத்தவள் நான். அதனால் இதில் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

வாய் வறட்சிதான் இன்னும் போகவில்லை. காலையில் மட்டும் போடுகிற கேப்ஸ்யூல் டியோட்ரோபியம், 18 மைக்ரோகிராம். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசையிடம் சுருங்கு என்று நரம்பு சொல்லுகிற சேதியை அது ஒரு நாள் முழுக்கத் தடுத்து வைக்கிறது. எச்சில் சுரப்பியும் கொஞ்சம் மாட்டிக்கொள்கிறது. இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் கிடைத்தது, அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வகை மருந்துகளின் மூலம் ஊமத்தை. குப்பைமேட்டில் முளைக்கும், சிவனுக்குச் சாத்தும் அதே ஊமத்தை. அதிலுள்ள நச்சுப் பொருள்களின் அமைப்பைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் இந்த மருந்துகளைச் செய்தார்கள். நம் பக்கத்தில் இழுப்புக்கு ஊமத்தையைக் காயவைத்துப் புகைக்கிற வழக்கம் முன்பே இருந்தது. மதராசில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதை அறிந்து, ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரிக்குச் சொல்ல, அவர் 1802-இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு ஐரோப்பாவில் ஊமத்தை வகைச் செடிகளின் இலையைச் சுருட்டி ஆஸ்துமா சிகரெட் என்று நூறு வருடத்துக்கு மேல் விற்றார்கள். மூச்சுக்குப் புகையையே மருந்தாகக் கொடுத்த காலம் அது. யாரும் ஊமத்தையைப் பறித்துவிடாதீர்கள், அது கொல்லுகிற விஷம். நான் சொல்ல வந்தது வேறு. இங்கிருந்து போன ஒரு செடி, இருநூறு வருடம் சுற்றி, புகையில்லாத பொடியாக என் பீரோவுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு இழுத்தால் வாய் வறட்சி அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஒரு வாய் வெந்நீர் குடித்துக்கொள்கிறேன்.

பம்ப்பின் கதையும் எனக்குப் பிடிக்கும். 1955-இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரின் பதின்மூன்று வயது மகள், ஆஸ்துமாக்காரி, தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்து ஏன் வரக்கூடாது என்று கேட்டாளாம். மறு வருடமே பம்ப் விற்பனைக்கு வந்துவிட்டது. கேட்டவள் நோயாளி. கேட்டதற்குக் காது கொடுத்தவர் அப்பா.

மூச்சு விடுவதையும் அந்தப் பையனிடமே கற்றேன். இளைக்கும்போது மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விட வேண்டும். காற்று உள்ளே சிறைப்படாமல் வெளியேறும். எப்படி ஊதுவது என்று கேட்டேன். "சூடான பாலை ஆத்துறதுக்கு ஊதுவீங்கல்ல, அந்த மாதிரி" என்றான். அது எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டில் கொசுவர்த்திச் சுருள் போய்விட்டது. சாம்பிராணியும் போய்விட்டது, மனசில்லாமல்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாசனை இல்லாமல் என்னவோ போலத்தான் இருக்கிறது. போகி அன்று ஜன்னல்களை அடைத்துவிட்டு உள்ளேயே இருந்தேன். மறுநாள் பொங்கலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம்.

அண்ணன் இறந்து நாலு வருடமாகிறது. மதினி மட்டும் அந்த வீட்டில். பின்கட்டு அடுப்புகளை இடித்தாகிவிட்டது, கரி படிந்த சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் அந்தக் கறுப்பு மேலே வந்துவிடுகிறது என்றார் மதினி. வாசலில் கல் கூட்டிப் பனையோலை வைத்துப் பொங்கல் விட்டார்கள். நான் காற்றடிக்கிற பக்கமாகத் தள்ளி நின்றேன். மதினி அடுப்புப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரிந்த இருமல். நான் ஊதி முடித்துக் களைத்தால் அடுத்து குழலை வாங்கி ஊதியவர் அவர். எனக்குப் பதினோரு வருடம், அவருக்கு முப்பது வருடம்.

மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு கேட்டேன். "டாக்டர்ட்ட காமிச்சீங்களா மதினி?"

"காமிச்சேன் தாயி. டிபி இல்லன்னுட்டாக. என்னமோ ஒரு டப்பா குடுத்தாக. அதைப் போட்டா இருமல் இன்னும் கூடுது. எனக்கு ஒத்துக்கல."

எழுந்து போய் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே வங்கி ரசீது, திருநீற்றுப் பொட்டலம், ரப்பர் பேண்டு போட்ட ரேஷன் கார்டு. அடியில் என்னுடையதைப் போலவே ஒரு குழல்.

கேப்ஸ்யூல் டப்பியைத் திறந்து பார்த்தேன். எண்ணிப் பார்த்ததில் ஐந்துதான் குறைந்திருந்தது. ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன், நமுக்கவில்லை. "எனக்காக ஒரே ஒரு தரம் போட்டுக் காட்டுங்க மதினி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். கேப்ஸ்யூலைச் செருகினார். திருகினார். கரி படிந்த சுவரில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்து, குழலை வாயில் வைத்தார்.

கன்னம் உப்பியது.